குற்றாலிங்கம் கண்ட அணு

"முப்பது வருஷமா பொய் சொல்லிச் சம்பளம் வாங்கியிருக்கேன், டாக்டர்," என்றார் குற்றாலிங்கம்.

"என்ன பொய் சார்?"

"அணு இப்படி இருக்கும், அப்படிச் சுத்தும்னு சொன்னதுதான். நான் ஒண்ணையாவது பாத்திருக்கேனா? 'சார், நீங்க பாத்தியளா'ன்னு ஒருத்தனும் எந்திரிச்சுக் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே வேலையை விட்டிருப்பேன்."

"நான் கேக்கணும்னு நினைச்சேன் சார்," என்றார் ஜெசிந்தா. "பயமா இருந்துச்சு."

பயத்தில் நியாயம் உண்டு. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஜெசிந்தா இயற்பியல் படித்த காலத்தில், கேள்வி கேட்கிறவர்கள் மேல் சாக்பீஸை எறிவார் குற்றாலிங்கம். குறியும் தப்பாது.

இப்போது எல்லாம் தலைகீழ். ஜெசிந்தா மலைமேல் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர். குற்றாலிங்கம் ஓய்வு பெற்ற மறுமாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி, தன் மாணவியிடமே சீடராக வந்து சேர்ந்துவிட்டார்.

"என்னைப் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க சார்," என்று ஜெசிந்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அது முறையில்ல, டாக்டர்," என்று அவர் முடித்துவிட்டார்.

&nbsp;

அந்த ஆய்வுக்கூடத்தில் வெளிச்சத்தைக் கொண்டு அணுவைப் பிடிக்கிறார்கள்.

வெளிச்சம் பட்டால் எதுவும் சூடாகும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே குளிர்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் ஆறு பக்கமிருந்தும் லேசர் பாய்கிறது. அணு எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கத்து வெளிச்சம் எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. ஓடி ஓடி அது ஓய்ந்துபோகிறது.

அப்படி ஓய்ந்து நிற்கும் கூட்டத்திலிருந்து ஒன்றே ஒன்றை, இன்னொரு மெல்லிய லேசரால் இடுக்கி போலப் பிடிக்க வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கில் பிடித்து வரிசையாக நிறுத்திவிட்டால், இன்றைய கணினிகள் தலைகீழாக நின்றாலும் போட முடியாத கணக்கைப் போடலாம் என்கிறார்கள். போடட்டும், நல்லதுதான்.

"எனக்குக் கணக்கும் வேண்டாம், கணினியும் வேண்டாம்," என்றார் குற்றாலிங்கம். "ஒண்ணே ஒண்ணு. என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா, சொன்ன பொய்யெல்லாம் நேராயிடும்."

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், லேசரைத் திருப்பும் ஒரு சிறு கண்ணாடியின் பின்னால் இருந்த திருகில் வைத்தார்.

"இதைத் திருகுங்க சார்."

"எவ்வளவு?"

"திருகினோமான்னு உங்களுக்கே சந்தேகம் வர்ற அளவு."

மாதங்கள் போயின. குற்றாலிங்கம் திருகினார். கலத்தைப் பார்க்கும் கேமராவின் திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திருகினார்.

"எப்போ வரும், டாக்டர்?"

"வரும்போது வரும் சார்."

குருமார்களுக்கு இப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். குனிந்து குனிந்து வலிக்கிற முதுகு அவர்களுடையது இல்லையே.

&nbsp;

ஒரு திங்கட்கிழமை ஜெசிந்தா ஒரு கருத்தரங்குக்காக வெளியூருக்குப் போனார். செவ்வாய்க்கிழமை காலை, திரையில் ஒரு புள்ளி வந்தது.

கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.

குற்றாலிங்கம் திருகிலிருந்து கையை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டார். புள்ளி அசையவில்லை. அப்படியே எரிந்தது.

அவர் அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க அது ஒன்றே நிறைந்து நிற்கும்வரை பெரிதாக்கினார். ஓரங்கள் மெழுகியது போல உருண்டையாகத் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட அழகாக இருந்தது.

வாய்விட்டு அழுதார். கேட்க ஆள் இல்லை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே அழுதார்.

அதன்பிறகு அவர் எந்தத் திருகையும் தொடவில்லை. மேசையின் நான்கு பக்கமும் 'தொடாதே' என்று எழுதி ஒட்டினார். தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடினார். நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டு, புதன் முழுக்கப் பார்த்தார், வியாழன் முழுக்கப் பார்த்தார். அலுக்கவே இல்லை.

ஜெசிந்தாவுக்குச் சொல்லவில்லை. வந்ததும் நேரில் காட்டி அசரவைக்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. பழைய கல்லூரிக்கு போன் போட்டார். முதல்வர் பலவேசம் எடுத்தார். அவர் வணிகவியல்காரர்.

"அணுவையா? நேர்லயா?"

"நேர்லதான். இந்தா, என் முன்னால நிக்குது."

"சார்! நம்ம காலேஜ் ஆளு!" என்றார் பலவேசம். "பிள்ளைகளைக் கூட்டிட்டு வாரேன். சனிக்கிழமை பஸ் போடுதேன். நீங்க தடுக்கக் கூடாது."

குற்றாலிங்கம் தடுக்கவில்லை.

&nbsp;

சனிக்கிழமை காலை ஜெசிந்தா வந்து சேர்ந்தார். பையைக்கூட இறக்கவிடாமல் குற்றாலிங்கம் அவரைத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஜெசிந்தா பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எப்போ சார்?"

"செவ்வாய்க்கிழமை."

"இது எத்தனாவது?"

"எத்தனாவதுன்னா?"

"செவ்வாய்க்கிழமை வந்தது போயிருக்கும். அதுக்கப்புறம் எத்தனை வந்துச்சு?"

"எங்க போவுது? அதேதான் இது. ஒரு தடவைகூட இமைக்கல. நான் விடல்லயே!"

ஜெசிந்தாவின் முகம் மெல்ல வெளுத்தது. பையைக் கீழே வைத்தார்.

"சார், அந்தக் கலத்துல எவ்வளவுதான் காத்தை உறிஞ்சினாலும் மிச்சம் மீதி இருக்கும். அதுல ஒண்ணு வந்து இடிச்சா நம்ம அணு தெறிச்சுப் போயிடும். பிடிச்சு வச்சிருக்கிற வெளிச்சமே அதைச் சூடாக்கித் துரத்தும். சில விநாடி நின்னாலே நம்ம அதிர்ஷ்டம். போகும்போதும் மங்கி மங்கிப் போகாது, ஒரேயடியாப் போயிடும்."

"இது பொறுமைசாலி," என்றார் குற்றாலிங்கம். பெருமையாகத்தான் சொன்னார்.

ஜெசிந்தா அலமாரியைத் திறந்தார். ஒரு கறுப்பு மூடியை எடுத்தார். கேமராவின் வாயில் அதைப் போட்டு இறுக்கினார்.

"ஐயோ, டாக்டர், எதுக்கு மூடுதீய?"

"திரையைப் பாருங்க சார்."

பார்த்தார்.

புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

குற்றாலிங்கம் கேமராவைப் பார்த்தார். மூடி இருந்தது. கையால் தடவிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. திரையைப் பார்த்தார். அதே புள்ளி, அதே வெளிச்சம்.

"மூடியிருக்கே," என்றார்.

"ஆமா சார்."

"மூடியிருந்தா எப்படித் தெரியுது?"

ஜெசிந்தாவுக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னார்.

"கேமராவுக்குள்ள லட்சக்கணக்குல சின்னச் சின்னக் கட்டம் இருக்கு. அதுல ஒண்ணு கெட்டுப்போனா, எதையும் பாக்காமலே எரிஞ்சுக்கிட்டு இருக்கும். திரையில அதை மெழுகி உருண்டையாக் காட்டும். இங்க வேலை செய்யிறவங்க மூடி போட்டுப் பாத்துட்டுத்தான் எதையும் நம்புவோம். உங்களுக்கு அதை நான் சொல்லித் தரல. என் தப்பு."

குற்றாலிங்கம் நாற்காலியைத் தேடினார். அது பின்னால்தான் இருந்தது. அகப்படவில்லை.

நாலு நாளாக ஒரு பழுதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதன் எதிரே தும்மாமல் இருந்திருக்கிறார். அதைப் பார்த்து அழுதிருக்கிறார். அவமானமாக இருந்தது. உடம்பு முழுக்க அவமானமாக இருந்தது.

அப்போது வெளியே மலைப்பாதையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

"அது யார் சார்?" என்று கேட்டார் ஜெசிந்தா.

அவர் சொன்னார்.

ஜெசிந்தா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பஸ்ஸின் முன்பக்கம் ஒரு பேனர் கட்டியிருந்தது. குற்றாலிங்கத்தின் படம் பெரிதாகவும், ஒரு புள்ளி அதைவிடப் பெரிதாகவும் அச்சாகியிருந்தன. கீழே 'அணுவைக் கண்ட எங்கள் பேராசிரியர்' என்று எழுதியிருந்தது.

"மெஷின் ரிப்பேர்னு சொல்லித் திருப்பி அனுப்பிரலாமா?" என்றார் குற்றாலிங்கம்.

"அனுப்பலாம்."

"நீங்க சொல்லுவியளா?"

"நீங்க சொல்லச் சொன்னா சொல்றேன் சார். எனக்கு அணுன்னு முதல்ல சொன்னவர் நீங்க."

ஜெசிந்தா மறுத்திருந்தால் குற்றாலிங்கம் சண்டையாவது போட்டிருக்கலாம்.

&nbsp;

பலவேசம் கையில் பொன்னாடையோடு படியேறி வந்தார். குற்றாலிங்கம் அவரைப் பாதிப் படியிலேயே மறித்து, ஓரமாக இழுத்து, விஷயத்தைச் சொன்னார்.

பலவேசம் பொறுமையாகக் கேட்டார்.

"புள்ளி இப்பவும் எரியுதுல்லா?"

"எரியுது. ஆனா அது அணு இல்ல."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா!"

"சார், கோவிச்சுக்கிடாதீய." பலவேசம் அவர் தோளில் கைவைத்தார். "முப்பது வருஷம் நீங்க சொன்னதை எல்லாரும் நம்பினோம். இன்னைக்கு ஒரு நாள் நம்ப மாட்டோமா? உங்க மேல உள்ள மரியாதையிலதான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நல்ல மனிதர். குற்றாலிங்கம் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு மேலே ஏறினார்.

மாணவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்தார்கள். யாரும் சொல்லாமலே குசுகுசுவென்று பேசினார்கள். ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். தொட்டால் ஷாக் அடிக்குமா என்று ஒரு பெண் கேட்டாள். ஜெசிந்தா மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

திரை முழுக்கப் புள்ளி எரிந்தது.

"எல்லாரும் பாத்தாச்சா?" என்றார் குற்றாலிங்கம்.

"பாத்தாச்சு சார்!"

"என்ன பாத்தீய?"

"அணு சார்!"

வகுப்பில் கோரஸாகப் பதில் சொல்கிற அதே குரல். குற்றாலிங்கம் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிடலாம் என்று குற்றாலிங்கத்துக்கு ஒரு கணம் தோன்றியது. பொன்னாடையை வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ்ஸை அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

மேசைமேல் இருந்த மூடியை எடுத்தார். கேமராவில் போட்டு இறுக்கினார்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார்கள். சிரிக்கப்போகிறார்கள் என்று குற்றாலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"சார்," என்றான் முன்வரிசையில் ஒருவன். அவன் கண் விரிந்திருந்தது. "மூடின பிறகும் தெரியுதே! அணுவுக்கு அவ்வளவு பவரா சார்?"

கைதட்டல் எழுந்தது. பின்னால் இருந்தவர்கள் எக்கி எக்கிப் பார்த்துக் கைதட்டினார்கள். பலவேசமும் தட்டினார், கையில் பொன்னாடை இருந்ததால் சத்தம் வரவில்லை.

குற்றாலிங்கம் உண்மையைக் காட்டினால் போதும் என்று நினைத்திருந்தார். அதுவும் அவருக்கே மாலையாக வந்து விழும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்தினார். "கைதட்டாதீங்க! ஏன்டே, யோசிக்கவே மாட்டியளா? மூடியைப் போட்டா உள்ள வெளிச்சம் எப்படிடே போகும்?"

"தெரியல சார்."

"போகாது! வெளியில இருக்கிறது எதுவுமே தெரியாது. அப்ப தெரியுதுன்னா அது வெளியில இல்ல. கேமரா கெட்டுப்போச்சு. அந்தக் கோளாறைத்தான் அணுன்னு நினைச்சு நாலு நாளா பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் மூடியை விரலால் தட்டினார்.

"நான் அணுவைப் பாக்கல. இப்பவும் பாக்கல. உங்களுக்கு முன்னால படிச்சவங்களுக்குப் பாடம் நடத்தினேனே, அப்பவும் பாத்ததில்ல. பாத்த மாதிரி பேசினேன். புத்தகத்துல இருந்துச்சு, சொன்னேன். போங்க, போய் அந்த பேனரைக் கழட்டுங்க."

கன்னத்தில் போட்டுக்கொண்டவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். பலவேசம் பொன்னாடையை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

ஜெசிந்தா சுவரோரத்திலிருந்து வந்தார். மூடியைக் கழற்றினார். பெரிதாக்கி வைத்திருந்த படத்தைச் சுருக்கி, கேமரா பார்க்கும் முழு இடத்தையும் திரையில் கொண்டுவந்தார்.

குற்றாலிங்கம் திகைத்துப்போனார்.

அவருடைய புள்ளி, கீழ் மூலையில் ஒரு கடுகாகக் கிடந்தது. நடுவே, லேசர்கள் சந்திக்கும் இடத்தில், புகை போல மங்கலாக ஏதோ ஒன்று கவிந்திருந்தது. நாலு நாளாக அந்த நடுவை அவர் பார்க்கவே இல்லை. பெரிதாக்கியதில் அது திரைக்கு வெளியே போயிருந்தது.

அதற்குமேல் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மாணவர்களிடம் கையை விரித்தார்.

"அவ்வளவுதான் பிள்ளைகளே. இங்க பாக்க ஒண்ணும் இல்ல. சாப்பாட்டுக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

அவர்கள் செருப்பைத் தேடத் திரும்பினார்கள். பலவேசத்துக்கு மட்டும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தா, நடுவுல இன்னொண்ணு எரியுது," என்றார் சலிப்பாக.

"அதுவும் கோளாறாத்தான் இருக்கும்," என்றார் குற்றாலிங்கம், திரும்பாமலே.

"இருக்கும் இருக்கும். அதான் அணைஞ்சிட்டு."

குற்றாலிங்கம் திரும்பினார்.

நடுவில் ஒன்றுமில்லை. பழைய புகைதான் இருந்தது. மூலையில் பழைய புள்ளி ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னிய?" என்றார் குற்றாலிங்கம்.

"அணைஞ்சிட்டுன்னு சொன்னேன்." பலவேசம் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனார். "நான் எதையும் தொடல்ல சார்."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒரு மூச்சு விடுத நேரம். வந்துச்சு, நின்னுச்சு, போயிட்டு."

குற்றாலிங்கம் பாய்ந்து போய் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பொன்னாடை கீழே விழுந்தது. குற்றாலிங்கத்தின் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நல்லாப் பாத்தியளா? மங்கலா ஆச்சா, இல்ல ஒரேயடியாப் போயிட்டா?"

"ஒரேயடியாத்தான்," என்றார் பலவேசம், அழுகிற மனிதரை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல். "மன்னிச்சிருங்க சார். போயிட்டு."